இனவெறி ஒழிந்த மையம்

திருவொற்றியூரில் இனவெறி இருக்கிறதா இல்லையா என்று எந்தத் துறையும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அது இன்னதென்று அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு எளிய தமிழில் புரியவைத்தே தீருவது என்று ஒரு துறை முடிவு செய்துவிட்டது. அதன்படி எங்கள் பிள்ளைகள் போகும் பகல்நேர மையத்துக்குத் தனி அலுவலர் சித்தார்த் வந்தார். பெற்றோரும் வரவேண்டுமாம். பிழைப்பைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தோம்.

"இனவெறி என்பது மானுட மாண்பின்மீது நிகழும் கட்டமைப்புசார் ஒடுக்குமுறை" என்று எளிய தமிழில் ஆரம்பித்தார் அலுவலர்.

மங்கை கையைத் தூக்கினாள். படகுக்காரர் எத்திராஜின் மகள், இருபத்தாறு வயது. அவளுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும், ஏறிவிட்டால் இறங்காது.

"இன்னா வெறி சார்?"

"ஆமாம், இனவெறி."

"அத்தத்தான் சார் நானும் கேக்குறேன். இன்னா வெறி?"

அலுவலர் முகம் சுளித்தார். "இந்தக் கலீஜ் பாஷையை வைத்துக்கொண்டு எதைப் புரியவைப்பது?"

எங்களுக்குச் சுருக்கென்றது. எத்திராஜ் எழுந்தேவிட்டார். "இன்னா சார், எங்க பேச்சு கலீஜா? சினிமால தான் நக்கல் பண்றானுங்கோ, நீயுமா?"

அலுவலர் கெட்டிக்காரர். "உங்களைச் சொல்வேனா ஐயா? வெளியூர்க்காரர்கள் வந்துதான் எல்லாம் கெட்டது" என்று மங்கையின் பக்கத்தில் இருந்த சுனிதாவைப் பார்த்தார். எங்களுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

சுனிதாவும் இந்த மையத்துப் பெண்தான். அவள் அப்பா எண்ணூரில் கரி இறக்குகிறார். ஒடிசாக்காரி என்பதால் அவளை நாங்கள் இந்திக்காரி என்போம். இந்த மையம் இல்லையென்றால் அப்பா வரும்வரை பூட்டிய அறைதான் அவளுக்கு.

"நீ எந்த ஊர்?" என்று அவளைக் கேட்டார் அலுவலர்.

"இன்னா சார், திருவொத்தியூரு தான்" என்றாள். மங்கை கற்றுக்கொடுத்த தமிழ்.

அலுவலர் ஆழ்ந்து சிந்தித்தார். இரண்டு இனம் இருந்தால்தானே இனவெறி வரும்? ஒன்றே ஒன்று இருந்தால்? ஆகவே சுனிதாவை இக்கணமே மையத்திலிருந்து விடுவிப்பதென்றும், இங்கே இனவெறி வேரோடு ஒழிந்ததென்றும் அறிவித்து, தாமே கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

"அவள இன்னாத்துக்கு சார் தொரத்துறீங்கோ?" என்றாள் மங்கை.

"துரத்தவில்லையம்மா. இனவெறியிலிருந்து பாதுகாக்கிறோம்."

மங்கை சுனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"உள்ள வாம்மா" என்று எத்திராஜ் கத்தினார். "வந்து நீயும் கை தட்டு."

"அதான் நீ தட்டிகினு கீறியே நைனா."

எத்திராஜ் வாசலையே பார்த்தார். ஆனால் கை நிற்கவில்லை. அலுவலர் இன்னும் நிறுத்தவில்லையே.