உணவு ஆய்வாளர் வெளியே சாப்பிட்ட மாலை

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் உடலளவில் நலம். அங்கே நீங்களும் உங்கள் கிளாரினெட்டும் அதைவிட நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சென்ற சனிக்கிழமை மாலை வெளியே சாப்பிடுவது என்று எங்கள் வீட்டில் முடிவாயிற்று. இதை நீங்கள் சாதாரணமாகப் படித்துத் தாண்டிவிடக் கூடாது. வீடு வாங்கினோம், மகனை வெளியூருக்குப் படிக்க அனுப்பினோம், என் குடலில் ஒரு துண்டை வெட்டியெடுக்கச் சம்மதித்தோம். அவையெல்லாம் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்துபோன விஷயங்கள். இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது.

காரணம் என் உத்தியோகம். உணவகங்களுக்கு எல்லோரும் முன்வாசல் வழியாகப் போவார்கள். உணவு ஆய்வாளனாகிய நான் ஓய்வு பெறும்வரை பின்வாசல் வழியாகவே போனவன். ஊர் நடுவில் எந்த உணவகத்தைப் பார்த்தாலும் எனக்கு அதன் விளக்கும் பூச்சாடியும் கண்ணில் படுவதில்லை. அங்கே பச்சை இறைச்சியைக் குளிர்பெட்டியின் எந்தத் தட்டில் வைத்திருந்தார்கள், கை கழுவும் தொட்டியில் எதை ஊறப்போட்டிருந்தார்கள் என்பதுதான் நினைவுக்கு வரும். வந்ததை மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் எனக்கு இல்லை. பேருந்து ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் காட்டி உங்கள் அக்காவுக்கு விளக்கி வந்திருக்கிறேன். பலன், கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னோடு வீட்டிலேயே சாப்பிட்டு வந்தாள். அதுபற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

உங்கள் கச்சேரிக்கு நீங்கள் அனுப்பிய இரண்டு டிக்கெட்டும் வந்த அன்றுதான் சொன்னாள். "தம்பி இத்தனை வருஷம் வாத்தியக் குழுவுல தப்பட்டைக்காரருக்குப் பின்னாடி உட்கார்ந்து வாசிச்சான். இப்பத்தான் முதல் தடவையா முன்னாடி வந்து தனியா வாசிக்கப் போறான். அன்னைக்கும் நான் வீட்டுல ஆக்கிக் கொட்டிட்டு, பாத்திரத்தைக் கழுவிட்டு, மூச்சிரைக்க ஓடிப்போய் உட்கார மாட்டேன். டவுன்ல மேசை போட்ட இடத்துல நல்லா சாப்பிட்டு, அங்கேர்ந்து மெதுவா நடந்துபோய்க் கேட்கணும். அவ்வளவுதான்." நீங்கள் குளியலறைக்குள் வாசிக்கப் பழகிய காலத்தில் வீட்டில் எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள, அவள் ஒருத்தி மட்டும் அதன் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டவள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். எந்த உணவகம் என்பதில் மட்டும் சில சொற்கள் பேசினேன்.

மணிக்கூண்டுக்கு அருகில் இருப்பதை முதலில் சொன்னாள். புகைக்கூண்டு என்றேன். "புகைக்கூண்டுக்கு என்ன?" என்றாள். அதன் உட்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு விரல்கடைத் தடிமனுக்குப் படிந்திருந்ததைச் சொன்னேன். மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டே சாப்பிடும் இடத்தைச் சொன்னாள். நட்சத்திரத்துக்கும் மேசைக்கும் இடையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதற்கு மூடி கிடையாது, அதில் ஒரு புறா கிடந்தது என்று ஞாபகப்படுத்தினேன். "அது எப்பவோ கிடந்துச்சு. இன்னமும் அதே புறாவா கிடக்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், ஆனால் மூடியைப் பற்றி யாரும் எனக்கு உறுதி கூறவில்லை. ஆற்றோரத்து மீன் உணவகத்தைச் சொல்ல வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டாள். "அதோட பின்கட்டை நான் பார்த்திருக்கேன்," என்றேன். "எனக்கு முன்கட்டுல உட்கார்ந்து சாப்பிட்டாப் போதுங்க," என்றாள். அப்புறம் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் உங்கள் அரங்கத்துக்கு நேர் எதிரில் இருக்கும் உணவகத்தைத் தானே தேர்ந்தெடுத்து, தானே தொலைபேசியில் மேசையும் சொல்லிவிட்டு வந்து நின்றாள். "இது நீங்க ரிட்டயர் ஆனப்புறம் திறந்தது. இதைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால அங்கதான் போறோம்." இவ்வளவு உறுதியான காரணம் காட்டி ஓர் உணவகம் தேர்ந்தெடுக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

புறப்படும் முன் வாசலில் நிறுத்தி என் சட்டைப்பையைச் சோதித்தாள். டார்ச், கையுறை, பூதக்கண்ணாடி மூன்றும் பறிமுதல். சூடு பார்க்கும் கருவி தப்பியது. அது பார்வைக்குப் பேனா மாதிரி இருக்கும். அவள் பேனா என்று நினைத்தாள். நான் அவளைத் திருத்தவில்லை.

மாப்பிள்ளை, அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை மேசைவிரிப்பு, நடுவில் மெழுகுவத்தி, ஜன்னலுக்கு அப்பால் தெரு, தெருவுக்கு அப்பால் உங்கள் அரங்க வாசல். உங்கள் அக்கா துவைத்து மடித்து வைத்திருந்த நல்ல உடையில் நிமிர்ந்து உட்கார்ந்து, உணவுப் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நாவல் மாதிரி படித்தாள். எனக்கே மனசு இளகிவிட்டது. சூப் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில் நான் பேனாவைச் சூப்பில் விட்டேன். இருக்க வேண்டிய சூட்டுக்குக் கொஞ்சம் கம்மி. நான் வாயைத் திறக்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பரிமாறியவர் பார்த்துவிட்டார். சூப்பில் பேனா விடுகிறவர்களை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கண்டுகொள்வார்கள் போலிருக்கிறது. சற்று நேரத்தில் தலைமைச் சமையல்காரரே வெளியே வந்தார். பழைய ஆள், நான் ஒருமுறை பூட்டு போட்ட கடையில் வேலை செய்தவர்.

"ஐயா, நீங்களா! கடவுளே அனுப்பின மாதிரி வந்திருக்கீங்க. திங்கக்கிழமை புது ஆய்வாளர் வர்றாரு. இது என் சொந்தக் கடைங்க. பொண்டாட்டி நகையெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. ஒரு தடவை உள்ள வந்து பார்த்துச் சொல்லிட்டுப் போங்க. இல்லாட்டி எனக்குக் கை ஓடாது."

நான் உங்கள் அக்காவைப் பார்த்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து என்னை யாரும் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதில்லை. பழைய அலுவலகத்துக்கு ஒருமுறை போனபோதுகூட வரவேற்பில் இருந்த பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க," என்றாள். "அஞ்சே நிமிஷம்," என்றேன். "சரி, சரி," என்றாள்.

குளிர்பெட்டியில் ஆரம்பித்தோம். பச்சை இறைச்சி வெந்ததற்கு மேல்தட்டில் இருந்தது, மாற்றவைத்தேன். காய் நறுக்கும் பலகையும் மீன் நறுக்கும் பலகையும் ஒரே நிறம், வேறாக்கச் சொன்னேன். பின்கதவுக்கு அடியில் எலி புகும் இடைவெளி. சாக்கடை மூடியைத் திறக்க அவரும் நானும் உதவியாளர் ஒருவரும் சேர்ந்து நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தது. ஏணி போட்டுப் புகைக்கூண்டுக்குள் தலையை விட்டேன். கீழேயிருந்து நான் சொல்வதையெல்லாம் ஒருவர் எழுதிக்கொண்டார். இடையிடையே, "ஐயா சொன்னா சொன்னதுதான்டா," என்று சமையல்காரர் மற்றவர்களிடம் சொல்வதும் கேட்டது. அந்தச் சமையலறையில் கடிகாரம் இல்லை. அதுவும் ஒரு குறைபாடுதான் என்று எழுதச் சொன்னேன்.

வெளியே வந்தபோது உங்கள் அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மெழுகுவத்தி அடிவரை எரிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை, குடை குடையாகக் கடைசி ஜனங்கள் அரங்கத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "கச்சேரி?" என்றேன். "முடிஞ்சிருச்சுங்க. உட்காருங்க, இனிப்பு சொல்லியிருக்கேன், சேர்ந்து சாப்பிடலாம்," என்றாள். திட்டவில்லை. அழவில்லை. முகம் வேறு பளிச்சென்று இருந்தது. அதிர்ச்சியில் சிலருக்கு அப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். அவளுடைய செருப்பு நனைந்திருப்பதைப் பார்த்து, தரையில் எங்கோ நீர்க்கசிவு இருக்கிறது என்று உடனே சமையல்காரரிடம் சொன்னேன். மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார், கிடைக்கவில்லை. அவளுடைய உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. சூப்பில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னென்ன போட்டார்கள் என விசாரித்து எழுதி வாங்கினேன். "ஒண்ணுமில்லைங்க, விடுங்க," என்று அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். பெரிய மனசு.

மாப்பிள்ளை, நீங்கள் மேடையில் எழுந்து நின்றதும் முதலில் மூன்றாவது வரிசையைத்தான் பார்த்திருப்பீர்கள். அங்கே காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளுக்கும் நான் ஒருவன்தான் பொறுப்பு. அக்கா மேல் வருத்தப்படாதீர்கள். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு தொலைபேசியில் பேசாததன் பொருள் எனக்குப் புரிகிறது. அவள் என்னைத் திட்டாமல் இருப்பதோ அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த முறை நீங்கள் வாசிக்கும்போது நான் வெறும் சட்டைப்பையோடு வந்து, அவள் பக்கத்தில் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்பேன் என்றும், இனி எவருடைய சமையலறைக்குள்ளும் காலெடுத்து வைக்கமாட்டேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

உங்கள் மூச்சு நீண்டு, வாசிப்பு ஓங்கி, தப்பட்டைக்காரருக்கு முன்னாலேயே என்றும் இடம் நிலைக்க வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டு, "இதை எதுக்கு அவனுக்கு எழுதுறீங்க? நான்தான் போயிருந்தேனே," என்றாள். நான் சமையலறைக்குள் போனதுமே மீதிச் சாப்பாட்டை நிதானமாக முடித்து, எதிரில் நடந்து போய், முழுவதும் கேட்டு, எழுந்து நின்று கைதட்டி, மேடைக்குப் பின்னால் உங்களிடமும் பேசிவிட்டுத்தான் மழையில் திரும்பி வந்தாளாம். அரங்கத்தில் என் நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்ததாம். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஏணியிலேர்ந்து இறங்கி வந்தப்ப உங்க மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். அதை எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள். அடுத்த மாதக் கச்சேரிக்கு இன்று காலை அவள் ஒரு டிக்கெட் வாங்கினாள். அதே நேரத்துக்கு எதிர் உணவகத்தில் என் பெயரில் ஒருவருக்கு மேசை சொல்லியிருக்கிறாள்.