மாமன் முயல்

குன்றிமலை நாட்டில் நிலத்துக்கு உடையவன் இருந்தான், முயலுக்கு உடையவன் இல்லை. இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காததால் பல தலைமுறைகளாக யாரும் மீறவும் இல்லை. வேட்டைக்குப் போகிறவன் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலிப்படலைத் திறந்து உள்ளே போவான். வரும்போது மறக்காமல் சாத்திவிட்டு வருவான். பிடித்ததில் ஒரு பின்னந்தொடை நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான்.

அந்த நாட்டின் நெரிஞ்சிப்பட்டியில் மாயழகு என்று ஒருவன் இருந்தான். முயலுக்கு வலை கட்டுவதில் கெட்டிக்காரன், பேச்சில் அத்தனை கெட்டிக்காரன் இல்லை. பெருமாள்சாமி என்பவருடைய கடலைக்காட்டிலும் அதை ஒட்டிய கரட்டிலும் இருபது வருஷமாக வலை கட்டிவந்தான். எந்த முயல் எந்த வரப்புப் பொழியை எப்போது தாண்டும் என்பது காட்டுக்குச் சொந்தக்காரரான பெருமாள்சாமிக்குத் தெரியாது, மாயழகுக்குத் தெரியும்.

நெரிஞ்சிப்பட்டிக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தாய்மாமன் தன் கையால் பிடித்த முயல் ஒன்றைப் பந்தலில் கொண்டுவந்து வைக்கவேண்டும். பட்டுச்சேலையும் வெண்கலப் பானையும் அப்புறம்தான். முயலை வைத்த பிறகு மாமன் மணையில் உட்காருவான், பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவான், அதற்குப் பிறகே தாலி. முயல் இல்லாமல் வருகிறவன் பெற்றவளோடு கூடப் பிறந்தவனே ஆனாலும் விருந்தாளிதான். இலை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

மாயழகுக்குப் பிள்ளை இல்லை. தங்கை ஒச்சம்மாளின் மகள் அங்கம்மாவைத் தோளில் தூக்கிச் சுமந்து வளர்த்தவன் அவன். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அந்த மணையில் உட்காருவதைத் தவிர வாழ்க்கையில் அவன் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆடி மாதம் சட்டம் வந்தது.

"நமது நாட்டில் முயல்கள் கேட்பாரற்று ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்பாரற்று ஓடும் எதுவும் முன்னேற்றத்துக்கு விரோதமானது" என்று வேட்டை வளர்ச்சி அமைச்சர் அரசவையில் முழங்கினார். "இனி நிலத்துக்காரர்கள் தங்கள் நிலத்தின் வேட்டை உரிமையை மட்டும் குத்தகைக்கு விடலாம். நிலம் அவர்களிடமே இருக்கும். முயல் நிலத்திலேயே இருக்கும். எவரும் எதையும் இழக்கப்போவதில்லை."

எவரும் எதையும் இழக்கப்போவதில்லை என்று அரசாங்கம் சொன்னால், குன்றிமலை நாட்டு மக்கள் வீட்டுக்குப் போய்ப் பானை சட்டி எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பார்த்தார்கள். எல்லாம் இருந்தது. எனவே நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆவணி முடிவதற்குள் தலைநகரத்துப் பிரபு ஒருவர் நெரிஞ்சிப்பட்டியைச் சுற்றியிருந்த காடு மொத்தத்தையும் வேட்டைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். அவர் வேட்டைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. உயிருள்ள முயலை அவர் பார்த்ததே இல்லை என்று சொல்வார்கள். அவர் வேட்டை உரிமை வைத்திருப்பவர். அது வேறு தொழில், அதற்கு ஓடத் தேவையில்லை.

பெருமாள்சாமியின் படலில் பூட்டுத் தொங்கியது. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார், மாயழகு இந்தப் பக்கம்.

"வருத்தப்படாதப்பா மாயழகு. கெணறு வத்திக் கெடக்கு. சும்மா ஓடுற முயலுக்குத் துட்டுத் தர்றேங்குறாக. வேணாம்னு சொல்ல எனக்கென்ன கிறுக்கா?"

"அது சரிங்கய்யா. எனக்கு ஒரே ஒரு முயலு போதும், தை மாசத்துல. மத்ததெல்லாம் அவரே வச்சுக்கிறட்டும்."

"குடுக்கலாம்தான். ஆனா முயலு இப்ப என்னுது இல்லையேப்பா."

"முன்னாடியும் உங்களுது இல்லீங்களே."

பெருமாள்சாமி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "ஆமா. அப்ப யாருதும் இல்ல. அதான் குடுக்க முடிஞ்சுச்சு."

வேட்டைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். வட்டார வேட்டைக் கண்காணிப்பாளர் அம்பலவாணர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மனுவை இரண்டு கைகளால் வாங்கவேண்டும் என்று அந்த ஆண்டு புதிதாக உத்தரவு வந்திருந்தது. நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. ஏழை வேட்டைக்காரர்களின் மேல் உள்ள கருணையால், அரசுக்குச் சொந்தமான சாலைகளில் மட்டும் அவர்கள் கட்டணமின்றி முயல் பிடித்துக்கொள்ளலாம்.

சாலையின் அகலம் எட்டு முழம். மாயழகு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஆறாம் நாள் ஒரு முயல் சாலையைக் கடந்தது. எழுந்து வலையை வீசப்போனான். எதிரே அம்பலவாணர் நின்றார்.

"பொறும். சாலையைக் கடக்கும் முயல் சாலையினுடையது அல்ல. அது எந்த நிலத்தை நோக்கிச் செல்கிறதோ அந்த நிலத்துக் குத்தகைதாரருக்கு உரியது. நேற்று விளக்க ஆணை வந்திருக்கிறது."

"அப்ப ரோட்டு முயலுன்னா எது சாமி?"

"சாலையிலேயே பிறந்து, எங்கும் போகும் உத்தேசமின்றிச் சாலையிலேயே வசிக்கும் முயல்."

"போற வழியில மனசு மாறித் திரும்பிருச்சுன்னா?"

"மனம் மாறியதற்கு அது எழுத்துபூர்வமான ஆதாரம் தரவேண்டும்" என்றார் அம்பலவாணர். அவர் சிரிக்கவில்லை. வேடிக்கை பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

பிடிப்பார் இல்லாமல் முயல் பெருகியது. பெருமாள்சாமியின் கடலைக்காட்டில் பாதியைத் தின்று தீர்த்தது. மனுஷன் தகரத்தைத் தட்டிக்கொண்டு பொழிப் பொழியாக ஓடினார். குத்தகை முயல்களின் மன அமைதியைக் குலைப்பதாகச் சொல்லித் தகரத்தைப் பறிமுதல் செய்தார்கள். பிறகு கைதட்டினார். கைதட்டுவதும் அதே பிரிவில்தான் வந்தது. கடைசியில் திண்டாடிப்போய், தின்னுகிற முயலைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றார். நிற்பதற்கு இன்னும் தடை வரவில்லை.

மார்கழியில் மக்கள் சபைக்குத் தேர்தல் அறிவித்தார்கள். அந்த வட்டாரத்துக்குக் குத்தகைப் பிரபுவே வேட்பாளராக நின்றார். வேட்டைக்காரர் வீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையில்லா வலை வந்து இறங்கியது. நல்ல நைலான் வலை, நடுவில் பிரபுவின் முகம். முகம் சிதைந்துவிடக் கூடாது என்று அந்த இடத்தை மட்டும் துணி மாதிரி நெருக்கமாக நெய்திருந்தார்கள்.

"வலை ரொம்ப நல்லாருக்கு. இதை எங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்ட?" என்று மாயழகு கேட்டான்.

"இடம் தருவது அடுத்த தேர்தலுக்கான வாக்குறுதி. இப்போதே சொல்லிவிட்டால் அப்போது சொல்ல எதுவும் இராது" என்றார் விநியோகம் செய்த அலுவலர். ஒச்சம்மாள் அந்த வலையைக் கோழிகளைச் சுற்றிக் கட்டினாள். அதற்கு நன்றாகவே உதவியது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் அண்ணனிடம் வந்தாள்.

"அண்ணே, ஊர்ப் பெரியவகளைக் கேட்டுப் பாப்பமா? இந்த ஒரு தடவை முயலு இல்லாம..."

"முயலு இல்லாம நான் எங்கிட்டு உக்கார, பந்தியிலயா?"

ஒச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாயழகு சாப்பிடவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெருமாள்சாமி ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விடியக்காலம் வடக்குப் பொழிக்கு வா. படல் பூட்டிக் கெடக்கும், வேலியில ஒரு சந்து வெட்டி வைக்கிறேன்" என்றார். "ஏங் காட்டுக்குள்ள நானே ஆள வச்சுத் திருடுறேன். இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல!"

கல்யாணத்துக்கு முந்தின விடியற்காலையில் நிலத்துக்காரரும் வேட்டைக்காரனும் பனியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாயழகின் பழைய வலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை பெருமாள்சாமி கையில். அவருக்கு வலை பிடித்துப் பழக்கமில்லை, முனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். முயல் வந்து விழுந்ததும் இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். அது கொழுத்த முயல். எல்லாம் பெருமாள்சாமி வீட்டுக் கடலை.

மறுநாள் பந்தலில் மாயழகு அந்த முயலைக் கொண்டுவந்து வைத்தபோது குலவைச் சத்தம் ஊரைத் தூக்கியது. அங்கம்மா தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்து மாமனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணையை நோக்கி நடந்தான்.

அந்த நேரம் பார்த்து அம்பலவாணர் உள்ளே வந்தார். தேர்தல் காலமாதலால் எல்லாக் கல்யாண வீடுகளுக்கும் வேட்பாளரின் வாழ்த்தை அரசு அலுவலர்கள் கொண்டுபோகவேண்டும் என்று உத்தரவு. அவர் கையில் பிரபுவின் பெரிய படம் ஒன்று, சட்டம் போட்டு மாலை சார்த்தியது. கண் முயலின் மேல் விழுந்தது.

"இது எவர் பிடித்தது?"

தான் பிடித்தது என்று மாயழகு சொன்னால் சிறை. இல்லை என்றால் அவன் மாமன் இல்லை. யோசிக்க வேண்டிய கேள்விதான். அவன் யோசிக்கவே இல்லை.

"நான்தான் சாமி பிடிச்சேன். குத்தகைக் காடுன்னு தெரிஞ்சுதான் வலையக் கட்டுனேன். எழுதிக்கங்க. தாலி கட்டுற மட்டும் உக்காந்துக்கிறேன், அப்புறம் எங்கிட்டுக் கூப்பிட்டாலும் வர்றேன்."

அம்பலவாணர் சங்கடப்பட்டார். தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது. மணையிலிருந்து தாய்மாமனைக் கைது செய்து இழுத்துப்போனால் அந்த ஊரில் ஒரு ஓட்டும் விழாது. பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டி, முகம் மலர்ந்தார்.

"குற்றம் எதுவும் நிகழவில்லை" என்று அறிவித்தார். "உடையவருக்குச் சம்மதமில்லாவிட்டால்தான் திருட்டு. ஓர் ஏழைப் பெண்ணின் திருமணம் என்று தெரிந்தால் நம் பிரபு சம்மதிக்காமல் இருப்பாரா? மாட்டார். ஆகவே அவர் கொடுத்தார், நீர் சுமந்து வந்தீர்."

"அவரு குடுக்கல சாமி. நான் திருடுனேன்."

"தன்னடக்கம் வேண்டாம்."

"சத்தியமாத் திருடுனேன் சாமி! வேலியில சந்து வெட்டி நொழஞ்சேன். திருட்டுன்னே எழுதுங்க!" மாயழகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். பந்தலின் ஓரத்திலிருந்து பெருமாள்சாமியும், "ஆமாங்க, நானும் கூட இருந்தேன், எம்பேரையும் சேத்து எழுதுங்க" என்றார். அவர்கள் தலையெழுத்து, அன்று சட்டம் யாரையும் தண்டிக்கிற மனநிலையில் இல்லை.

"முயல் கொடுத்தவர்தான் மாமன் என்பதுதானே உங்கள் வழக்கம்?" என்று அம்பலவாணர் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார்.

"பிடிச்சவருங்க."

"குத்தகைதாரர் சார்பில் எவர் பிடித்தாலும் அது குத்தகைதாரர் பிடித்ததே. பதினேழாம் பிரிவு." படத்தை மணையின் மேல் நிறுத்தி, மாலையைச் சரிசெய்தார். "உங்கள் குல வழக்கத்தில் அரசு ஒருபோதும் தலையிடாது."

அங்கம்மா எழுந்துவிட்டாள். "எம் மாமன் வந்து உக்காரணும். இல்லாட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். ஐயர் முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருக்கிறது என்றார். மாயழகுதான் ஓடிப்போய் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

"உக்காரு தாயி. நேரம் போகுது பாரு."

ஆனால் படம் பட்டம் கட்டாதே. அதற்கும் சட்டத்தில் வழி இருந்தது. குத்தகைதாரர் நேரில் வர இயலாதபோது அவருடைய உரிமையை ஒரு நாளைக்கு உள்குத்தகையாக வேறொருவருக்கு வழங்கலாம். அம்பலவாணர் ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பெயர்?"

"மாயழகு."

"மணமகளுக்கு என்ன உறவு?"

"மாமன்."

"அந்த இடம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டது. நீரும் மாமன் என்று எழுதினால் ஆள்மாறாட்டம் ஆகும், படிவம் தள்ளுபடி ஆகும். பட்டம் கட்ட முடியாது. என்ன உறவு?"

மாயழகு அங்கம்மாவைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லன்னு எழுதுங்க சாமி."

எழுதி, கைநாட்டு வாங்கி, அம்பலவாணர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். மாயழகு படத்துக்குப் பக்கத்தில், மணையின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து, பட்டம் கட்டினான். தாலி ஏறியது.

அம்பலவாணர் இந்த ஏற்பாட்டை மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் மகிழ்ந்துபோனது. அடுத்த எட்டு நாளில் வட்டாரத்தின் கல்யாண வீடுகளுக்கெல்லாம் கூடையில் ஒரு முயலும் சட்டம் போட்ட ஒரு படமும் போய்ச் சேர்ந்தன. எதிர்த்து நின்ற இரண்டு வேட்பாளர்கள் வீட்டிலும் அந்த எட்டு நாளில் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. சம்பந்தம் ஆகிவிட்டபிறகு பெண்ணின் மாமனை எதிர்த்து நிற்பது முறையல்ல என்று இருவரும் விலகிக்கொண்டார்கள். பிரபு போட்டியின்றி வென்றார். வேட்டைச் சட்டம் பெரும் வெற்றி என்று அமைச்சர் அறிவித்தார். அடுத்த கூட்டத்தொடரில் ஆறுகளையும் கிணறுகளையும் பற்றி யோசிக்கப்போவதாகவும் சொன்னார்.

வெற்றி ஊர்வலம் நெரிஞ்சிப்பட்டி வழியாக வந்தது. மறுவீட்டுக்கு வந்திருந்த அங்கம்மா சாலையோரம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாயழகு நின்றான். பிரபுவின் வண்டி நின்றது.

"இந்தப் பெண் யார்?"

அம்பலவாணர் பதிவேட்டைப் புரட்டினார். "தங்கள் மருமகள், பிரபுவே."

பிரபு உருகிப்போனார். கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். அங்கம்மா மாயழகின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரபு அதைக் கவனித்தார்.

"என் மருமகள் கையைப் பிடித்திருக்கும் இந்த ஆள் யார்?"

அம்பலவாணர் மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். அவர் இல்லாததை ஒருநாளும் சொல்கிறவர் அல்ல.

"உறவு எதுவுமில்லை, பிரபுவே. அவரே சொல்லி எழுதியிருக்கிறது."

"அப்படியானால் கையை விடச் சொல்லுங்கள்" என்றார் பிரபு.