மாயன் படகும் சரோஜாவும்

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நான் என் மனைவியிடம் 'முடியாது' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தைரியம் கிடையாது என்பாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை. அன்பு என்று நான் சொல்லி வருகிறேன். அதனால், ஈப்போ பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்று சரோஜா சொன்ன அன்றைக்கு நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். முடியாது என்று நான் சொல்லப்போவதில்லை. அவளையே சொல்ல வைக்கப் போகிறேன்.

டிக்கெட் இரண்டையும் எங்கள் மகள் தனுஜா அனுப்பியிருந்தாள். டயப்பர் பெட்டி வாங்கினால் இலவசமாம். டிக்கெட்டில் ஒரு படம். படிப்படியாக ஏறும் கல் கோபுரம், அதன் அடியில் வாயைப் பிளந்த பாம்பு, அந்த வாய்க்குள் போகும் படகு. 'மாயன் படகு' என்று மேலே எழுதியிருந்தது.

"மாயன்னா நம்ம பெருமாள்தானே," என்றாள் சரோஜா. "போனா புண்ணியம் லா."

இங்கே ஒரு விஷயத்தை உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் மலைமேல் இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் லோரி ஓட்டியவன். தேயிலை ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று தடவை அடிவாரத்தில் இருக்கும் தாப்பாவுக்கு இறங்குவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது, வழியில் ஓர் அருவிக்கு மேலே இருக்கும் வளைவில் பனிமூட்டத்தில் பிரேக் போய்விட்டது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி இருக்கிறது. லோரியை மலைப்பக்கம் சாய்த்துச் சாக்கடையில் இறக்கி நிறுத்தினேன். முழங்கையில் ஒரு கீறல், அவ்வளவுதான். எல்லோரும் கெட்டிக்காரன் என்றார்கள். மாலைகூடப் போட்டார்கள்.

அன்றிலிருந்து நான் மலையின் கடைசி ஊரான ரிங்லெட்டுக்குக் கீழே இறங்கியதில்லை. மேலே பிரிஞ்சாங், கோலா தெர்லா என்று எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டுவேன். ரிங்லெட் தாண்டி அந்த இறக்கம் தொடங்கும் இடம் வந்தால் மட்டும் கை வேர்த்துவிடும். இதை எப்படி வெளியே சொல்வது? மாலை போட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே முட்டி வலி என்றேன். கோழிக்குத் தீனி போட ஆளில்லை என்றேன். தனுஜாவுக்கு ஈப்போவில் பெண் குழந்தை பிறந்தபோது சரோஜா போய் நாற்பது நாள் இருந்து பத்தியம் சமைத்துப் போட்டாள். நான் கோழிகளோடு இருந்தேன். பேத்தியைக் கைப்பேசியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கன்னத்தைத் தொடுகிறேன் என்று விரலை வைத்தேன், அழைப்பு அறுந்துவிட்டது. பிறகு ரொம்ப நேரம் கோழிக்கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

திட்டத்துக்கு வருவோம். கைப்பேசியில் மாயர்களைப் பற்றி அரை மணி நேரம் படித்தேன். மீதியை என் சொந்தத் தலையிலிருந்து எடுத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போது ஆரம்பித்தேன். இந்த மாயன் பெருமாள் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் கல் நகரம் கட்டி வாழ்ந்த ஜனங்கள், பயங்கரமானவர்கள் என்றேன். அவர்கள் கணக்குப் போட்டு எழுதிய பஞ்சாங்கத்தில் உலகம் எப்போது முடியும் என்பதுகூட இருந்தது என்றேன். அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, அதில் தைப்பூசம் என்றைக்கு வருகிறது என்று கேட்டாள்.

இரண்டாம் நாள் பாம்பைப் பெரிதாக்கினேன். படகு உள்ளே போனதும் வாய் மூடிக்கொள்ளும், கும்மிருட்டு, தலைக்கு மேலே கற்கள் உருளும். மூன்றாம் நாள் ஒரு பூசாரியைக் கொண்டுவந்தேன். கையில் கருங்கல் கத்தி. படகில் இருப்பவர்களில் யாருக்கு வயது ஐம்பதுக்கு மேல் என்று பார்த்து அவர்கள் பக்கம்தான் குனிவான். நான்காம் நாள் கோபுரத்தின் உச்சியிலிருந்து படகை அறுபது அடி கீழே தள்ளிவிட்டேன்.

சரோஜா கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு கேட்டாள். கேள்விகள் வேறு. பூசாரி இடது பக்கமா, வலது பக்கமா? குனியும்போது ஏதாவது சொல்லுவானா? அறுபது அடி விழும்போது சேலை என்ன ஆகும்? நானும் அசராமல் பதில் சொன்னேன். பாஞ்சாலை கேட்டுவிட்டுப் போய் எங்கள் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்குச் சொல்ல, சாயங்காலமானால் எங்கள் வாசலில் கூட்டம் கூட ஆரம்பித்தது. பிஸ்கட் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சொந்த மனைவியைப் பயமுறுத்தப் போய் ஊருக்கே நான் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டியவளோ போவதற்குச் சேலைக்குப் பதிலாகச் சுடிதார் எடுத்து இஸ்திரி போட்டாள்.

கடைசி ஆயுதம் ரத்த அழுத்தம். அது இருப்பவர்களைப் படகில் ஏற்றமாட்டார்களாம் என்றேன். மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனாள். இரண்டு பேருக்கும் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கண்ணாடிக்கு மேலே ஒட்டி வைத்தாள். பாஞ்சாலை புருஷன் தர்மாவுக்கு ஈப்போவில் வேலை இருக்கிறது, சனிக்கிழமை தன் காரிலேயே கூட்டிப்போவான் என்று ஏற்பாடும் செய்துவிட்டாள். கோழிகளைப் பாஞ்சாலை பார்த்துக்கொள்வாளாம்.

சனிக்கிழமை காலை காரின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். ரிங்லெட் கடைத்தெரு வந்தது. கை வேர்த்தது. திறந்து இறங்கிவிடலாமா என்று கதவுப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சரோஜா என் வேர்த்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் நடுங்கியது.

"எனக்குப் பயமா இருக்குங்க. அந்தப் படகுல என்னென்ன வரும்னு மொதல்லேருந்து ஒருக்கா சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிரும்."

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னதே இல்லை. தனுஜா பிறந்தபோதுகூட அவள் நர்ஸுக்கு ஆறுதல் சொன்னவள். நான் கட்டிவிட்ட பொய்யால்தானே இவள் இப்படி நடுங்குகிறாள்? சரி, பயத்தைப் போக்கவேண்டியதும் நான்தானே?

பாம்பிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை பாம்பைச் சாதுவாக்கினேன். அவள் கேள்வி கேட்டாள். இருட்டில் கொஞ்சம் மின்மினிப் பூச்சி விட்டேன். அவள் இன்னொரு கேள்வி கேட்டாள். பூசாரி கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிவிட்டு ஒரு மக்காச்சோளத்தைக் கொடுத்தேன். அவன் மனைவிக்குப் பெயர் வேண்டும் என்றாள். அவளுக்குப் பெயர் வைத்து, அவளைப் பூசாரிக்கு மேலே அதிகாரியாகவும் ஆக்கினேன். முன்சீட்டில் தர்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். அறுபது அடியை ஆறு அடியாகக் குறைத்து, படகை மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிட்டு மூச்சு வாங்க ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

வெளியே வெயில். சமதரை. செம்பனை மரங்கள். தாப்பா.

வளைவு எங்கே என்று தர்மாவைக் கேட்டேன். அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு அண்ணே, பூசாரி பொண்டாட்டிக்குப் பேர் வச்சீங்களே, அப்ப, என்றான்.

சரோஜா ஜன்னல் வழியே செம்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை மட்டும் விடவில்லை.

தர்மா எங்களைப் பூங்கா வாசலில் இறக்கிவிட்டுப் போனான். மாயன் படகு என்பது நாலு பேர் உட்காரும் பிளாஸ்டிக் படகு. தண்ணீர் முழங்கால் ஆழம். பாம்புக்கு ஒரு பல் உடைந்து உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தது. ஏறினோம். படகில் எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடியே கல் நகரத்தைக் கடந்தார்கள். கொடி படர்ந்த கோபுரம், இடிந்த மண்டபம், பச்சை விளக்கில் ஒரு கல் குரங்கு. அழகாகத்தான் இருந்தது. நான் படகின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு திருப்பத்தில் சரோஜா சொன்னாள், "இப்ப குரங்கு தண்ணி துப்பும். இந்தப் பக்கம் சாஞ்சுக்குங்க."

சாய்ந்தேன். துப்பியது. முன்னால் இருந்த குழந்தைகள் நனைந்தார்கள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பத்தியம் முடிந்த வாரம் மாப்பிள்ளை லிங்கேஸ்வரன் கூட்டிவந்து காட்டினாராம். இரண்டு தடவை ஏறினாளாம். அப்படியானால் அந்தப் பாம்பு, பூசாரி, அறுபது அடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாயே என்றேன்.

"நீங்க சொன்னது இதைவிட நல்லா இருந்துச்சு," என்றாள். கொஞ்ச தூரம் படகு போனது. அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணு வருஷமா தூக்கத்துல வலது காலால கட்டில் சட்டத்தை மிதிக்கிறீங்க. பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா?"

இருட்டான இடம் ஒன்று வந்தது நல்லதாகப் போயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். குரங்கு துப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படகை விட்டு வெளியே வந்தால் தனுஜா நிற்கிறாள். குழந்தையை என் கையில் வைத்தாள். கைப்பேசியில் தெரிந்ததைவிடச் சின்னதாக இருந்தாள் என் பேத்தி. கனமாகவும் இருந்தாள். பால் வாசனை. இந்தத் தடவை கன்னத்தைத் தொட்டேன், எதுவும் அறுந்துபோகவில்லை. கொட்டாவி விட்டாள். அப்படியே என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனாள். நான் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. தனுஜா அழுதாளா, சிரித்தாளா என்றும் பார்க்கவில்லை.

நிறுத்துமிடத்துக்கு நடந்தோம். தர்மாவின் கார் இருந்தது. தர்மா இல்லை. பின்சீட்டில் குழந்தை இருக்கை கட்டியிருந்தது. டிக்கியில் தனுஜாவின் பைகள், ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். சரோஜா விளக்கினாள். தர்மா கோலாலம்பூருக்கு பஸ் ஏறிவிட்டானாம், வேலை விஷயமாக ஒரு வாரம். கார் சும்மா நிற்கக் கூடாது என்று கொடுத்துவிட்டுப் போனானாம். மகளும் பேத்தியும் நம்மோடு மேலே வருகிறார்கள். சொல்லிவிட்டு என் உள்ளங்கையில் சாவியை வைத்தாள்.

"ஏறுறதுக்கு பிரேக் தேவைப்படாது இல்ல," என்றாள்.

சாக்குச் சொல்ல என்னிடம் கோழி இல்லை. முட்டி வலிக்கவில்லை. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் திருப்பிப் பேத்தியின் முகம் தெரியும்படி வைத்தேன். வரும்போது கதை சொன்னது எவ்வளவு நன்றாகக் கைகொடுத்தது என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் ஒரு பாம்பு, என்று தொடங்கினேன்.

"பாப்பா தூங்குறா," என்றாள் சரோஜா. "பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."