கோள் பார்த்த கோல்

டமார்!

வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிப் பறந்து சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைப் பெயர்த்தது. அடித்தவன் நான். மூன்று நாளில் இது இரண்டாவது கடிகாரம். பில்லியர்ட்ஸ் மன்றத் தலைவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால் அணியில் எனக்கு இடமில்லை. எதிராளி என் மச்சினன். தோற்றால் ஆயுளுக்கும் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்காட்டுவான்.

பழியை யார்மேல் போடுவது? கை என்னுடையது, அதில் குறை இருக்க முடியாது. ஆகவே பந்தை அடிக்கும் கோலில்தான்.

அந்த நேரம் பார்த்து மன்றத்தின் பின்னறையில் கோலானந்தர் என்ற சாமியார் கடை விரித்தார். 'கோளாறு கோலில் இல்லை, கோளில்' என்று வாசலில் பலகை. படித்ததும் எனக்குப் புல்லரித்தது. இத்தனைக்கும் நான் அறிவியல் வாத்தியார்.

வரிசை தெருமுனை வரை நின்றது. வங்கி மேலாளர், பல் டாக்டர், வக்கீல் என்று ஆளுக்கொரு கோல். முதல் ஆள் நான்.

அவர் கோலை ஒற்றை விரலில் வைப்பார். அடிப்பக்கம் தொப்பென்று சாயும். சனி உட்கார்ந்திருக்கிறார் என்பார். அடியிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றுவார். உள்ளே, கோலின் எடையைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடவே மாட்டார். மூன்று முறை ஊதுவார், அவ்வளவுதான். மறுபடி விரலில் வைத்தால் கோல் நேராக நிற்கும். கூட்டம் கைதட்டும். உண்டியல் நிரம்பும். அடிப்பாரம் குறைந்ததைக் கையாலேயே உணர்ந்தேன் என்று நான் சாட்சி வேறு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு மூன்றாவது ஊதல். சனி தவணை முறையில்தான் கிளம்புவாராம். திருத்திய கோல் கறுப்பு உறையில்தான் தூங்க வேண்டும் என்றும் உத்தரவு. தையல்காரியான என் மனைவி, உறையும் அளவு நாடாவும் சுண்ணக்கட்டியுமாக வந்து நின்றாள்.

கோல் சாய்ந்தது. விரல் இருந்த இடத்தில் அவள் ஒரு கோடு போட்டாள். உறைக்கு அளவெடுக்கிறாள் என்று அவர் விட்டுவிட்டார். ஊதினார். வைத்தார். நின்றது. கைதட்டினோம்.

அவள் நாடாவை வைத்துப் பார்த்தாள்.

"கோடு இங்க இருக்கு. சாமியோட விரல் ரெண்டு இஞ்ச் பின்னால இருக்குதே?"

"அது சக்தி இழுத்த இடம்மா."

"சரி, கோட்டுலயே வைங்க. சக்தி அங்கயும் வரட்டும்."

வைத்தார். தொப்.

பிறகு அவள் சுவரோரம் கிடந்த, யாரும் ஊதாத, லேசாக வளைந்த ஒரு கோலை எடுத்துத் தன் விரலில் முன்னும் பின்னும் நகர்த்தினாள். ஓரிடத்தில் அதுவும் அசையாமல் நின்றது.

கூட்டம் உண்டியலைப் பார்த்தது. கோலானந்தர் ஜன்னலைப் பார்த்தார். அவர் போன வேகத்தில் எந்தக் கோளும் சுற்றியதில்லை.

ஓட முடியாதவன் நான்தான். பென்சிலை விரலில் நிறுத்தி இதே புவியீர்ப்பு மையத்தை எட்டாம் வகுப்புக்குப் பதினோரு வருடமாக நடத்துகிறேன்.

மறுநாள் தோற்றேன். மச்சினன் ஆடியது அந்த வளைந்த கோலில்.

வீட்டுக்கு நடக்கும்போது, என்ன இருந்தாலும் என் கோலில் எடை ஏதோ குறைகிறது என்று முணுமுணுத்தேன். மனைவி நின்று என் தலையை ஒருமுறை பார்த்தாள்.

"கோலுல எடை சரியாத்தாங்க இருக்கு. எங்க குறையுதுன்னு யோசிங்க."