உங்கள் மகளின் கணக்கும் பக்கத்து மனைப் பள்ளமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கு அனைவரும் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எழுதிய நலம் அல்ல இது. சற்று முன்புதான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலமா? அம்மாளின் முழங்கால் வலி தேவலையா? பதில் வரும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. விஷயத்தைச் சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

வேலைக் காலம் முழுவதும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், போனை வைத்துவிட்டு ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "படம் எங்கே? அளவு என்ன?" என்று குறுக்கே வருவீர்கள். பாலம் பாலமாகக் கட்டிய மனிதர், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான்.

பக்கத்து மனையில் கட்டடம் எழும்பப் போகிறது, கார் நிறுத்துவதற்கு மண்ணுக்கடியில் இரண்டு தளம் வருகிறது என்று முன்பே சொல்லியிருந்தேன். எழும்புவது எப்போதோ தெரியாது, இதுவரை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் காம்பவுண்டு சுவர், அதற்கு அந்தப் பக்கம் இரும்புத் தகடுகளை நிறுத்தி மண்ணைத் தடுத்த ஒரு சுவர், அப்புறம் ஒரே பள்ளம். வேலையை நடத்துகிற காண்டிராக்டர் பள்ளத்துக்குள் இருட்டில் இறங்கினாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். அதனால் எங்கள் கட்டடத்தில் அவர் பெயர் கூலிங் கிளாஸ். எங்கள் கட்டடம் என்பது கீழே நாங்கள், முதல் மாடியில் பல் டாக்டரின் கிளினிக், அதற்கு மேல் அவருடைய வீடு, அவ்வளவே. உங்கள் மாப்பிள்ளை கப்பலோடு கடலில் இருப்பதால் வீட்டில் நானும் இவரும், கல்லூரிக்கும் வீட்டுக்குமாக ஆராய்ச்சி செய்கிற உங்கள் மகளும்தான்.

ஒரு நாள் காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலில் நின்றவள், டீ ஆறும்வரை நகரவே இல்லை. "அத்தை, தகடு சாயாம இருக்க மேல ஒரு வரிசை முட்டு குடுத்திருக்காங்க. கீழ் வரிசை இன்னும் குடுக்கல. அதுக்குள்ள அடிவரைக்கும் தோண்டிட்டா என்ன ஆகும்?" என்றாள். "என்ன ஆகும்?" என்றேன். "தெரியலியே! போட்டுப் பாத்துடலாம்!" என்று துள்ளினாள் பாருங்கள், ஏதோ ஊர் சுற்றக் கூப்பிட்ட மாதிரி.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை ஆராய்ச்சிக்கூடம். பள்ளம், தகடு, மண், எங்கள் வீடு எல்லாவற்றையும் குறுக்கே வெட்டியது போலக் கம்ப்யூட்டரில் ஒரு படம். அந்தப் படம் முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள். "மொத்த மண்ணும் எப்படி நகரும்னு ஒரே அடியா சொல்ல முடியாது அத்தை. ஒரு குட்டி முக்கோணம் எப்படி நசுங்கும்னா சொல்லிடலாம். அப்படி எல்லாத்துக்கும் எழுதி, பக்கத்துப் பக்கத்து முக்கோணம் மூலைல பிரிஞ்சு போகாம சேத்துட்டா முடிஞ்சுது. ஆனா மண்ணு அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி குணம் மாறுமா, அதனால ஒரே தடவைல விடை வராது. திரும்பத் திரும்பத் திருத்தணும்" என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது சம்பந்தி! ஒவ்வொரு மூலையும் பக்கத்து மூலைக்குப் போன் போட்டு, நான் இவ்வளவு நகர்ந்தேன், நீ எவ்வளவு என்று கேட்கிறது. யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை என்கிறவரை லைன் போய்க்கொண்டே இருக்கிறது. "அதேதான் அத்தை!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய பேராசிரியருக்கே இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராதாம். இதை நான் பெருமைக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

கணக்குக்கு மண் வேண்டுமே. நான் போய்க் கூலிங் கிளாஸிடம் கேட்டேன். "பூந்தொட்டிக்கா அம்மா?" என்று ஒரு பக்கெட் நிறைய அள்ளிக் கொடுத்தார். கலைத்த மண் உதவாதாம், இருந்த இடத்தில் இருந்தபடியே வேண்டுமாம். அப்புறம் இவளே கல்லூரியிலிருந்து குழாய் கொண்டுவந்து, பள்ளத்தின் ஓரத்தில் அழுத்தி, களிமண்ணை உருளை உருளையாக எடுத்து, காயாமல் இருக்க மெழுகு பூசி, எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்தாள். இவர் அதை வெண்ணெய் என்று நினைத்து ரொட்டியில் தடவுவதற்காக அதில் கத்தியை வைத்து அழுத்திவிட்டார். "என்ன இது, இறங்கவே மாட்டேங்குது?" என்று இவர் கத்த, உங்கள் மகள் ஓடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நான் நினைத்தால், "மாமா, எவ்வளவு அழுத்தினீங்க? மொத்தமா இறங்கலியா, கொஞ்சம் இறங்கி நின்னுதா?" என்று பேனாவும் கையுமாக நிற்கிறாள்!

முதல் தடவை கணக்கை ஓடவிட்டபோது அவள் குளிக்கப் போயிருந்தாள். இவர்தான் திரையைப் பார்த்தார். திரையில் வீடு இல்லை. பள்ளம் இல்லை. எத்தனையோ கிலோமீட்டர் கீழே போய்விட்டதாக ஓர் எண் மட்டும் நின்றது. இவர் சட்டை கூடப் போடாமல் மாடிக்கு ஓடி, "கீழ போகுது! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கூவ, பல் டாக்டர் வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளியை அப்படியே நாற்காலியோடு விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார். நோயாளி கழுத்தில் துண்டும் வாயில் பஞ்சுமாகப் பின்னாலேயே வந்தார். தெருவே கூடிவிட்டது. உங்கள் மகள் ஈரத்தலையோடு வந்து பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மாமா, மண்ணுக்கு அடில பிடிமானம் குடுக்க மறந்துட்டேன். கணக்குல எல்லாமே அந்தரத்துல நின்னுது. அதான் விழுந்துக்கிட்டே போகுது." டாக்டர் நோயாளியைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். பள்ளத்திலிருந்த கூலிங் கிளாஸுக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சிரிப்பு இங்கே வரை கேட்டது. அன்றோடு எங்கள் கணக்கின் மானம் போயிற்று.

நானாக இருந்தால் மூடி வைத்திருப்பேன். இவள் விடவில்லை. அடியில் பிடிமானம் கொடுத்தாள். நிஜத்தில் தோண்டுகிற மாதிரியே கணக்கிலும் ஒவ்வோர் அடுக்காகத் தோண்டினாள். முதல் அடுக்கு, சரி. அடுத்தது, தகடு லேசாக வளைந்தது, சரி. கீழ் முட்டு இல்லாமல் கடைசி அடுக்கை எடுத்ததும் கணக்கு முரண்டு பிடித்தது. மூலைகள் போன் போட்டுக்கொண்டே இருக்கின்றன, யாரும் ஒத்துப்போகவில்லை. முக்கோணங்களை இன்னும் பொடியாக்கினாள். தோண்டுகிற அளவை இன்னும் மெல்லியதாக்கினாள். அப்போதும் அதே இடத்தில் அதே முரண்டு. பள்ளத்தின் அடியிலிருந்து எங்கள் காம்பவுண்டு சுவருக்கு அடியில் வரை வில் போல ஒரு சிவப்புக் கோடு, மண் வழுக்கும் இடமாம். "சில சமயம் கணக்கு கூடி வராம போனா நம்ம தப்பா இருக்கும் அத்தை. எல்லா விதத்துலயும் மாத்திப் பாத்துட்டேன். இது மண்ணே நிக்க முடியலன்னு சொல்றது" என்றாள். அவள் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை அவளே பள்ளத்துக்குப் போய்ச் சொன்னாள். "ஏம்மா, உங்க கம்ப்யூட்டர்ல வீடே பாதாளத்துக்குப் போச்சாமே? திரும்பி வந்துருச்சா?" என்றாராம் கூலிங் கிளாஸ். பின்னால் இயந்திரம் கடைசி அடுக்கை அள்ளிக்கொண்டிருந்ததாம். கீழே ஆட்கள் நிற்கிறார்களாம். திரும்பி வந்தவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அழவில்லை, அழுதிருந்தால் எனக்குத் தேவலை. கையைப் பிசைந்துகொண்டு ஜன்னலையே பார்த்தாள்.

சம்பந்தி, எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! பள்ளத்து வாசலில் மாட்டியிருந்த பலகையில் வடிவமைத்த நிறுவனத்தின் நம்பர் இருந்தது. எடுத்தேன் போனை. வரவேற்பில் ஒரு பெண், "மீட்டிங்ல இருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்றாள். நான் என் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலை எடுத்தேன். "அவசர அழைப்பு. இணைப்பைத் துண்டிக்காதீர்கள். பொறுப்பான பொறியாளரை லைனில் கொடுங்கள்." அந்தக் குரலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது! பொறியாளர் அம்மாள் வந்தார். நான் உங்கள் மகளிடம் போனைக் கொடுத்தேன். இவள் மூச்சு விடாமல் சொன்னாள், முக்கோணம், முட்டு, களிமண், சிவப்புக் கோடு எல்லாம். அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்வி: "கீழ் முட்டு போடாமலா கடைசி அடுக்கை எடுக்கறாங்க?" "ஆமாம் மேடம், என் கண்ணால பாத்துட்டு வர்றேன்." அப்புறம், "போனை வைங்க. நான் ஆளை மேல ஏத்தச் சொல்றேன்."

ஜன்னலில் மூன்று பேரும் நின்றோம். பள்ளத்தில் கூலிங் கிளாஸ் போனை எடுப்பது தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆட்கள் ஏணியில் ஏறினார்கள். இயந்திரக்காரர் கடைசியாக வந்தார். எல்லோரும் மேலே வந்து, "எதுக்குய்யா கூப்பிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே தகடு வயிறு ஊதுவது போல உப்பியது. அப்புறம் ஒரு முனகல். அப்புறம் எங்கள் காம்பவுண்டு சுவர், அதை ஒட்டி நிறுத்தியிருந்த இவருடைய ஸ்கூட்டர், இரண்டும் அமைதியாக, ஏதோ லிஃப்டில் இறங்குவது போல, உள்ளே போயின. ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை! ஆட்கள் இருந்த இடத்தில் மண் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. இவர் "என் ஸ்கூட்டர்!" என்றார். உங்கள் மகள் "அதே கோடு அத்தை! அதே கோடு!" என்றாள். நான் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

பொறியாளர் அம்மாளே நேரில் வந்து, பள்ளத்தில் மண்ணைத் திரும்பக் கொட்டி, முட்டுகளைப் போட வைத்தார். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிளினிக் சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல் மட்டும். அந்த ஏணியில் ஏறி வந்த இயந்திரக்காரர் எங்கள் வாசலுக்கு வந்து, "அந்தக் கணக்குப் போட்ட தங்கச்சி யாரு?" என்று கேட்டு, அவளைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுப் போனார். கூலிங் கிளாஸ் கண்ணாடி இல்லாமல் வந்து, நான் போட்ட டீயைக் குடித்தார். அவருக்கு அழகான கண்கள், யாருக்குமே தெரியாது. பல் டாக்டர் இறங்கி வந்து, பல்லில் கட்டுகிற பாலத்துக்கும் இந்த முக்கோணம் ஒத்து வருமா என்று கேட்கிறார். ஒத்து வருமாம்!

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். கல்யாணத்தன்று நீங்கள் எல்லார் முன்பும், "என் பொண்ணு என்னமோ கலர் படம் போடறா, அதுக்கு இன்ஜினியரிங்னு பேரு" என்று சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சுவர் விழுந்த அன்று, எல்லோரும் போன பிறகு, "அப்பா கிட்ட சொன்னா என்ன சொல்வார் அத்தை?" என்று கேட்டாள். நான் சமாளித்தேன். சம்பந்தி, வாய் நிறைய வேண்டாம், ஒரு வார்த்தை போதும். அவள் கணக்கு துல்லியமான கணக்கு. ஆளைக் காப்பாற்றிய கணக்கு. அதைச் சொல்லிவிடுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் அன்பு. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. எல்லோர் காலடியிலும் மண் உறுதியாக இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் மகள் ஓடி வந்தாள். மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடுங்கள், எந்தப் பாதி என்று எனக்கே தெரியவில்லை. கணக்கு தப்பாம்! எங்கள் கட்டடத்தின் எடையை இவள் இரண்டு தரம் சேர்த்துவிட்டாளாம். ஒரு தரம் சேர்த்துத் திரும்பப் போட்டால் கணக்கு அழகாகக் கூடி வருகிறது, கீழ் முட்டு இல்லாமலே சுவர் நிற்கிறது. அப்படியானால் நிஜச் சுவர் ஏன் விழுந்தது? விழுந்த மண்ணை எடுத்துப் பார்த்தாள், கூழாக இருந்தது. "மழையே இல்லியே, தண்ணி எங்கேருந்து வந்துது?" என்று யோசித்தாள். இவர் மெதுவாக எழுந்து மாடிக்குப் போகப் பார்த்தார். நான் பிடித்துவிட்டேன். திரையில் வீடு காணாமல் போனதைப் பார்த்த நாளிலிருந்து, களிமண் காய்ந்தால் வெடித்து வீடு இறங்கிவிடும் என்று பயந்து, நாங்கள் கவனிக்காத நேரமெல்லாம் சுவரோரம் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்! "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்கிறார். ஆக, சுவரை விழவைத்தது கூலிங் கிளாஸ் அல்ல, நாங்கள். சரியான கணக்கு விழாது என்று சொல்கிற சுவரை, தப்பான கணக்குக்குப் பயந்து தண்ணீர் ஊற்றி விழவைத்திருக்கிறோம்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மகளோ, "தண்ணியைச் சேத்துப் போட்டா சரியா விழுது அத்தை!" என்று குதிக்கிறாள். இப்போது இவரைக் கையோடு இழுத்துக்கொண்டு உண்மையைச் சொல்லப் பள்ளத்துக்குப் போய்விட்டாள். ஜன்னலில் நின்றுதான் எழுதுகிறேன். அவள் கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறாள். இவர் தரையைப் பார்க்கிறார். கூலிங் கிளாஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். ஐயோ, ஏன் சம்பந்தி அவர் தோள் இப்படிக் குலுங்குகிறது? சிரிக்கிறார், சிரிக்கிறார்! இவர் முதுகில் தட்டுகிறார். நான் போகிறேன். நீங்கள் அவளைப் பாராட்ட வேண்டும் என்று எழுதியதை மட்டும் அடிக்காதீர்கள்.