அத்தையின் கண்ணும் கன்டினியூட்டியும்

சமூகத்தின் குறைகளைத் தீர்க்க ஆயிரம் பேர் கிளம்பலாம். அவை தீர்ந்துபோகாமல் காப்பாற்ற ஓர் ஆவணப்பட இயக்குநரால்தான் முடியும். அப்படிப்பட்ட மகான் ஒருவரின் வரலாறு இது. உதவியாளர்கள் அவரை ‘மனசாட்சி’ என்று அழைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால். அவருக்கு அது பிடித்துப்போனதும் முகத்துக்கு நேராக.

குப்பைமேடு, சாக்கடை, மூடிய பள்ளிக்கூடம் என்று மனசாட்சி தொடாத பிரச்சினை இல்லை. அவர் தொட்ட பிரச்சினை எதுவும் இடத்தைவிட்டு அசைந்ததும் இல்லை. இப்போது கையில் எடுத்த தலைப்பு ‘கைவிடப்பட்ட முதுமை’. ஆனால் ஆள்தான் அகப்படவில்லை. தேடிப்போன முதியவர்களையெல்லாம் பிள்ளைகள் ஓரளவு நன்றாகவே வைத்திருந்தார்கள். இந்தப் பொறுப்பின்மையைக் கண்டு மனம் நொந்து வீடு திரும்பியவருக்கு மனைவிதான் வழிகாட்டினாள்.

“ஊரெல்லாம் எதுக்கு அலையறீங்க? உங்க அத்தைதான் மாடி ரூம்ல தனியா கிடக்காங்களே. நீங்க போய்ப் பார்த்தே ரொம்ப நாளாச்சு.”

அவரைத் தாய்க்குத் தாயாக வளர்த்த அத்தை. இரண்டு தெரு தள்ளி, ஒற்றை ஜன்னல் வைத்த மாடி அறை. மனசாட்சி ஓடினார், கேமராவோடு ஓடினார். அத்தையின் இரண்டு கண்ணிலும் புரை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க அது அபாரமாக இருந்தது. அவர் உடனே கேமராவை முடுக்கினார்.

“வந்துட்டியா தம்பி? அடுத்த வாரம் ஆபரேஷன் பண்றேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருத்தர் வேணுமாம். உன்னைத்தான் சொல்லியிருக்கேன்.”

மனசாட்சி அதிர்ந்தார். பாதிப் படத்தில் வெள்ளைக் கண், மீதிப் படத்தில் தெளிந்த கண் என்றால் உலகம் என்ன சொல்லும்?

“கன்டினியூட்டின்னு ஒண்ணு இருக்கு அத்தை. முதல் நாள் எப்படி இருந்தீங்களோ அப்படியேதான் கடைசி வரைக்கும் இருக்கணும். படம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

“சரிப்பா. உன் படம் ஒண்ணுகூட நான் பார்த்ததில்லை. இதையாவது நல்ல கண்ணோட பார்த்துடணும்.”

படம் என்பது அவ்வளவு லேசில் முடிகிற காரியமா? மழைக் காட்சி வேண்டியிருந்தது. மழை வர மறுத்தது. மழை வந்தபோது, நிதி கொடுத்த அறக்கட்டளை ‘இன்னும் கொஞ்சம் தனிமை’ கேட்டது. ஆகவே, அத்தைக்குப் பேச்சுத்துணையாக வந்துகொண்டிருந்த பக்கத்து அறைத் தையற்காரி, கலையின் நலன் கருதிச் சிறிது காலம் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டாள்.

“டாக்டர் ரெண்டு தடவை கேட்டு அனுப்பிட்டார் சார்,” என்றாள் அவள், படியிறங்கும்போது. “ரொம்ப முத்திடுச்சுன்னா பார்வையே திரும்பாதாம்.”

மனசாட்சி அதை அப்படியே பின்னணிக் குரலில் சேர்த்துக்கொண்டார். நல்ல வரி எதையும் அவர் வீணாக்குவதில்லை.

ஒருவழியாகப் படம் முடிந்தது. திரையிடலன்று அத்தையை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கடைசிக் காட்சி முடிந்து விளக்குகள் எரிந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: “அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள்கூடவா இல்லை?”

“இந்தச் சமூகத்தைப் பார்த்து நானும் அதையேதான் கேட்கிறேன்,” என்றார் மனசாட்சி. மறுபடியும் கைதட்டல்.

அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். யாரோ அவள் கையில் மைக்கை வைத்தார்கள்.

“போன வாரம் தையற்காரப் பொண்ணு கூட்டிட்டுப் போச்சு. இனிமே பண்ணிப் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க,” என்றாள். பிறகு, “படம் நல்லா வந்திருக்கா தம்பி?” என்று கேட்டாள்.

மனசாட்சிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. விழாவைப் படம்பிடித்துக்கொண்டிருந்த கேமராமேனிடம் போய், “எடுத்தியா?” என்றார்.

“முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு சார்.”

மனசாட்சி திரும்பி வந்து அத்தையின் தோளை அன்போடு தொட்டார். “அத்தை, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. கேமராவைப் பார்த்து.”

“சொல்றேன் தம்பி,” என்றாள் அத்தை. “அது எந்தப் பக்கம் இருக்கு?”