எங்கள் வீட்டுக்கு அரசியலைத் திருப்பிக் கொடு

ஸ்டென்விக் நகர வானொலி நிலையத்தின் உரிமையாளர் திரு. கர்ட்டிஸ் நெல்விக் அவர்களின் மேலான கவனத்துக்கு, அதே ஊர் ஏரிக்கரைத் தெருவிலிருந்து நேயர் மார்லிஸ் டொஃப்டே பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் கணவர் ஆர்விடும் நலம். மின்னசோட்டாவில் ஜனவரி எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறது. மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. தங்கள் நலமும் தங்கள் நிலையத்தின் நலமும் அறிய ஆவல், முன்னது சற்று அதிகமாக. தாங்கள் என் அக்கா ஆர்டிஸின் மகன் என்பதையும், ஆறு வயதில் என் புதுக் காரின் பின் சீட்டில் தாங்கள் வாந்தி எடுத்ததையும், அதைப் பற்றி நான் இதுநாள் வரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை என்பதையும் இந்தக் கடிதத்தில் குறிப்பிடப் போவதில்லை. இது முழுக்க முழுக்க அலுவல் கடிதம்.

விஷயம் இதுதான். தங்கள் நிலையத்தின் காலை அரசியல் நிகழ்ச்சியில் டெக்சாஸில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கத்திவந்த ராய் ப்ராட்டனைத் தாங்கள் நீக்கிவிட்டீர்கள். மினியாபோலிஸிலிருந்து வந்த ஆலோசகர், அந்த இறுக்கமான கால்சட்டைக்காரர், அரசியல் கத்தலுக்கு இனிமேல் எதிர்காலம் கிடையாது, மக்களுக்கு வேண்டியது பேச்சுத்துணைதான் என்று சொன்னாராம். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நீ விசாரித்தாயா கர்ட்டிஸ்? ராய் கத்துவார், உன் சித்தப்பா சமையலறையில் நின்று ரேடியோவைப் பார்த்துக் கத்துவார். ராய் சொல்வதை அப்படியே ஒப்புக்கொண்டுதான் கத்துவார், ஆனாலும் கத்துவார். நடுநடுவே ராய் விற்கிற, இருபத்தைந்து வருஷம் கெடாத உலர்சாப்பாட்டு வாளிகளை வாங்கி நிலவறையில் அடுக்குவார். மத்தியானம் ரேடியோவை அணைத்துவிட்டுச் சூப் குடிக்க உட்காரும்போது மனிதர் பச்சைக் குழந்தை. வாஷிங்டனில் யார் யாரைத் தூக்கி உள்ளே போட வேண்டும் என்று எனக்கு விளக்குவார். நான் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லைதான், ஆனால் என்னிடம் சொன்னார். பக்கத்து வீட்டு வெர்லின் எதிர்க்கட்சி. அவர் அதே ராயைக் கேட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவார். இரண்டு பேரும் தொண்டை வறள அவரவர் வீட்டில் கத்தி முடித்துவிட்டு, தபால் பெட்டியருகே சந்தித்து, பனியைப் பற்றிப் பேசுவார்கள். அரசியல் வானொலியின் அருமை உனக்கு எங்கே தெரியப்போகிறது? நம் வீட்டுக்கு என்றைக்கும் சாப்பிட வரப்போகாத ஆட்களை அதில் திட்டலாம். தேர்தல் வரும், போகும், ஊர் அப்படியே இருக்கும்.

இப்போது ராயின் இடத்தில் ஜெனெல் என்று ஒரு பெண்ணை உட்கார்த்தி வைத்திருக்கிறாய். குரல் என்னவோ தேன்தான். ஆனால் அவளிடம் ஒரு கெட்ட வித்தை இருக்கிறது: கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாள். நம் ஊர் ஆண்களை உனக்குத் தெரியும், வீடு பற்றி எரிந்தாலும் ‘பரவாயில்ல’ என்பார்கள். முதல் நாள் உன் சித்தப்பா, ராய் எங்கே போனார் என்று கேட்கத்தான் போன் செய்தார்.

“எப்படி இருக்கீங்க ஆர்விட்?” என்றாள்.

“பரவாயில்ல. ரொம்ப மோசமில்ல.”

“ம்ம்,” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். வானொலியில் மௌனம் எவ்வளவு பெரிய பள்ளம் என்பது உனக்குத்தான் தெரியும். உன் சித்தப்பா அதில் விழுந்தார்.

“மீன் கொஞ்சம் கிடைக்குது.”

“அட, எங்க?”

பனி உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஒருவன் துளை போடும் இடத்தை அவன் பெண்டாட்டிகூடக் கேட்க மாட்டாள். இவர் சொன்னார். வடக்கு முனை, சாய்ந்த பைன் மரத்துக்கு நேரே என்று அடையாளமெல்லாம் சொன்னார். அது இவருடைய இடமும் இல்லை, வெர்லின் நம்பிக் காட்டிய இடம். மறுநாள் அங்கே டிரக்குகள் நின்றதைப் பார்த்தால் ஊர்த் திருவிழா தோற்றுவிடும். வெர்லின் என் வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: “உன் வீட்டுக்காரன் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் நான் பொறுத்துக்கிட்டேன் மார்லிஸ். இது வேற.” அன்றிலிருந்து அவருடைய தபால் பெட்டி தெருவின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அடுத்த வாரம் ஜெனெல், உங்கள் மனைவியிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று கேட்டிருக்கிறாள். இவர் மார்லிஸின் மூளை என்றிருக்கிறார். மூளையோடு நிறுத்தலாம் இல்லையா? உதாரணமும் கொடுத்தார். நம் லூத்தரன் சபையில் அடக்கம் முடிந்து நடக்கும் சாவு விருந்துக்கு நான் கொண்டுபோகும் எலுமிச்சைக் கேக் ஃபார்கோ நகரத்தில் பெரிய கடையில் வாங்குவது; அதை என் தட்டில் மாற்றி, தட்டின் அடியில் என் பெயர் எழுதிய ஒட்டுநாடாவை ஒட்டி, ஓரங்களைக் கொஞ்சம் கோணலாக வெட்டுவேன்; நேராக வெட்டினால் கடைச் சரக்கு என்று தெரிந்துவிடும். இத்தனையையும் பெருமை பொங்க மூன்று மாவட்டத்துக்குச் சொல்லியிருக்கிறார். சாவு விருந்துக் குழுத் தலைவி கிளாரிஸ் அன்று சாயந்திரமே வந்துவிட்டாள். “நீ ரொம்ப வருஷமா உழைச்சுட்ட மார்லிஸ். இனிமே கொஞ்சம் ஓய்வெடு. காப்பி ஊத்துறத மட்டும் பார்த்துக்கோ, என்ன?” என்றாள், என் கையைத் தடவிக்கொண்டே. நம் ஊரில் இதற்குப் பெயர் தலையை வெட்டுவது. மறுநாளிலிருந்து உன் நிலையத்தில் வேறு பேச்சே இல்லை. கடைக் கேக் துரோகம் என்று ஒரு கட்சி, துக்க வீட்டில் கேக் கேக்தான் என்று ஒரு கட்சி. எத்தனையோ தேர்தலைக் கடந்து பிரியாமல் இருந்த சபை, இப்போது சபை மண்டபத்தில் இரண்டு காப்பிப் பாத்திரம் வைத்திருக்கிறது. பேச்சுத்துணையாம். ராய் ஊரைப் பிரிக்கிறார் என்று சொன்ன அந்தக் கால்சட்டைக்காரரை இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா.

நான் உன் சித்தப்பாவைக் கேட்காமல் விடவில்லை. “அதையெல்லாம் எதுக்கு அவகிட்ட சொன்ன?”

“அவ கேட்டா.”

“நான் கேக்கலையா, இத்தனை வருஷமா?”

“நீ கேப்ப. அப்புறம் நீயே பதிலும் சொல்லிடுவ.”

அது வேறு விஷயம். என்னுடைய புகார் கேக்கைப் பற்றியதும் அல்ல, மீனைப் பற்றியதும் அல்ல. இப்போது மத்தியானம் சூப் குடிக்க உட்காரும்போது மனிதரிடம் ஒரு சொல் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் கராஜில் ஹீட்டர் பக்கத்தில் நின்று போனில் கொட்டிவிட்டு வருகிறார். நான் சமையலறையில் நிற்பேன். முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்புக் கேட்கும். சில நொடி கழித்து அதே பேச்சு ரேடியோவில் தெளிவாக வரும். அக்கார்டியன் வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாராம். நான் சமைக்கும் டூனா மீன் கேசரோல் அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லையாம். என் புருஷனைப் பற்றி ஊர் தெரிந்துகொள்ளும் நேரத்தில்தான் நானும் தெரிந்துகொள்கிறேன், அதுவும் இடையில் குழாய் ரிப்பேர் விளம்பரத்தோடு. எனக்கு அசிங்கமாக இருக்கிறது கர்ட்டிஸ். வலிக்கவும் செய்கிறது.

ஆகவே ராயைத் திரும்பக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் கிடைக்காவிட்டால் எந்தக் கட்சிக்காரரானாலும் சரி, தொண்டை இருந்தால் போதும். ஜெனெலுக்கு நல்ல மனம், நல்ல பல். வேறு எங்காவது நன்றாக இருக்கட்டும்.

உன் நிலையத்தின் கோபுரம் இந்தக் காற்றில் சாயாமல் நிற்கவும், உன் வரவு செலவு நேராகவும் ஆண்டவர் துணை இருப்பார். அக்காவுக்கு என் அன்பு. எலுமிச்சைக் கேக் கேட்டால், கடை எங்கே என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
உன் சித்தி மார்லிஸ்

பின்குறிப்பு: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஜெனெல், “என்ன ஆர்விட், குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள். இவர் பரவாயில்லை என்றார். அவள் வழக்கம்போல் சும்மா இருந்தாள். அப்புறம் இவர் சொன்னார்: “ஃபார்கோ டாக்டர் என் நுரையீரல்ல ஏதோ தெரியுதுன்னாரு. நவம்பர்லயே சொன்னாரு. நான் திரும்பப் போகல. வீட்ல சொன்னா மார்லிஸ் உடனே வண்டிய எடுத்துடுவா. எனக்குப் பயமா இருக்கு.” அந்தக் கடைசி வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கராஜ் கதவு வரைக்கும் போனேன். உள்ளே போய்க் கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்வார் என்று தோன்றியது, திரும்பி வந்து உன் நிலையத்துக்குப் போன் போட்டேன். ஜெனெல் என்னையும் ஒலிபரப்பில் சேர்த்துக்கொண்டாள். “இப்ப பேசினவருக்கு ஒரு சேதி சொல்லணும். திங்கட்கிழமை போறோம். வண்டிய நான் ஓட்டுறேன்,” என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. அப்புறம் ரேடியோவில் “சரி” என்று வந்தது. ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. டாக்டர் முடிவு சொல்லும் வரைக்கும் அந்தப் பெண் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரே ஒரு சிக்கல். ஃபார்கோ போகிற பாதையில் பாதி தூரத்துக்கு மேல் உன் நிலையம் எடுக்காது. அதற்குப் பிறகு காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அங்கிருந்து என்ன பேசுவது என்று அவளிடம் கேட்டு, திங்கட்கிழமைக்குள் எனக்கு எழுது.